‘சளிதானே’ என்று டியூட்டிக்கு வருகிறவர்களுக்கு

பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் வேலை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்கள், டெக்னீஷியன்கள், ஆயாம்மாக்கள், இவர்களுக்கெல்லாம் டியூட்டி போடும் நிர்வாகிகள் அனைவருக்கும்,

1200 கிராம் எடையில் பிறந்து மூன்று வாரமாக இன்குபேட்டருக்குள் கிடக்கும் குழந்தை வெளியே எங்கும் போனதில்லை. பஸ், பள்ளிக்கூடம், கல்யாண வீடு எதையும் அது பார்த்ததில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் வைரஸ் வந்தால், யாரோ ஒருவர் அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் உங்களில் ஒருவர், அல்லது நீங்கள் கதவைத் திறந்து உள்ளே விட்ட ஒருவர்.

மருத்துவமனையில் பற்றிய தொற்றா, வெளியிலிருந்து வந்ததா என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. வைரஸ் உடம்புக்குள் போன நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையில் சில நாள் ஓடும். ஆர்எஸ்வி என்று நீங்கள் சொல்லும் வைரஸுக்கு அது பெரும்பாலும் 4 முதல் 6 நாள். வயிற்றுப்போக்கு என்று சேர்த்த குழந்தைக்கு ஒன்பதாம் நாள் மூச்சிரைத்தால், பழியை வீட்டின் மேல் போட முடியாது. பிறந்ததிலிருந்தே உங்கள் பிரிவில் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. அதற்கு வந்தது எல்லாமே அங்கே வந்தது. ஆர்எஸ்வி, ரைனோ, இன்ஃப்ளூயன்சா, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ, மெட்டாநியூமோ, கொரோனா எனப் பட்டியல் நீளமானது. பெரியவர் உடம்பில் இவற்றில் பலவற்றுக்கும் ஒரே பெயர்தான்: சளி. இரண்டு நாள் மூக்கு ஒழுகும், ஒரு வேளை ஆவி பிடித்து ஒரு மாத்திரை போட்டால் வேலைக்குப் போய்விடலாம்.

அதே வைரஸ் குறைமாதக் குழந்தையிடம் வேறு கணக்குப் போடும். 8 மில்லிமீட்டர் அகலமுள்ள மூச்சுக்குழலின் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால், காற்றுக்கு உண்டாகும் தடை சுமார் மூன்று மடங்காகும். 4 மில்லிமீட்டர் குழலில் அதே வீக்கம் வந்தால் 16 மடங்கு. அளவு பாதியானால் துன்பமும் இரண்டு மடங்குதானே என்று எண்ண இடமில்லை; ஆரத்தின் நான்காம் படி கணக்கு அது. போதாததற்கு, பச்சிளங்குழந்தை முக்கியமாக மூக்கு வழியாகத்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பாலும் இறங்காது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அதிகமாக வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். 28 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தை அந்தச் சீதனம் வந்து சேர்வதற்குள் புறப்பட்டுவிட்டது.

அந்தக் குழந்தைக்கு இருமல்கூட வராமல் போகலாம் என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தும் மறந்துபோகும் விஷயம். காய்ச்சலோ தும்மலோ இல்லாமல், நடு இரவில் திடீரென்று மூச்சு நின்றுபோகும். மானிட்டர் கத்தும், பாதத்தைத் தட்டினால் மறுபடி மூச்சு வரும், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நிற்கும். அப்போது நடப்பது உங்களுக்கு மனப்பாடம். செப்சிஸ் என்று எண்ணி ரத்தம் எடுப்பீர்கள், ஆன்டிபயாட்டிக்கை உயர்த்துவீர்கள், சிபாப்பிலிருந்து வெண்டிலேட்டருக்கு மாற்றுவீர்கள். மூன்றாம் நாள் கல்ச்சர் ஸ்டெரைல் என்று வரும். அப்படியும் ஆன்டிபயாட்டிக் ஏழு நாள் ஓடும். மூக்கிலிருந்து ஒரு துடைப்பு எடுத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பல பிரிவுகளில் இல்லை. பார்க்காததால் கேஸ் ஷீட்டில் வைரஸின் பெயர் ஏறுவதில்லை, ஏறாததால் ‘எங்கள் பிரிவில் அந்தப் பிரச்சினை கிடையாது’ என்று நீங்கள் சொல்ல முடிகிறது. அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் இரண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் 50 குறைமாதக் குழந்தைகளை வாரம் இரண்டு முறை விடாமல் சோதித்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: 26 குழந்தைகளிடம், வீட்டுக்குப் போகும் முன்பே, ஒரு முறையாவது சுவாச வைரஸ் இருந்தது. வைரஸ் கண்ட குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் அதிகம். தேடாதவரை தெரிந்திருக்காத எண் அது.

இந்த வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பெண் மருத்துவர் செய்த வேலையை உங்கள் ஒவ்வொரு பிரிவிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் இருந்த கரோலின் பிரீஸ் ஹால், 1970-களில் குழந்தைகள் வார்டுகளில் ஆர்எஸ்வியைத் துரத்தியவர். அவரது குழு 1975-இல் வெளியிட்ட ஆய்வில், வேறு நோய்க்காக வந்து வார்டில் தங்கியிருந்த 44 குழந்தைகளில் 14 பேருக்கு ஆர்எஸ்வி தொற்றியிருந்தது. தங்கிய நாள் கூடக்கூட ஆபத்தும் கூடியது. அதே வார்டின் ஊழியர் 24 பேரில் 10 பேருக்கும் தொற்று. பெரியவர்களுக்கு அது வெறும் சளி.

பிறகு அவர் செய்த சோதனை இன்னும் எளிமையானது. தொற்றுள்ள குழந்தைகளிடம் மூன்று விதமாக ஆட்களை அனுப்பினார். ஏழு பேர் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிப் பராமரித்தார்கள். பத்துப் பேர் குழந்தையைத் தொடவே இல்லை. குழந்தை இல்லாத நேரத்தில் தொட்டிலையும் சுற்றியிருந்த பொருட்களையும் தொட்டுவிட்டு, தங்கள் மூக்கையும் கண்ணையும் தொட்டார்கள். பதினான்கு பேர் ஆறடிக்கு அப்பால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சிய ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தொற்று வந்தது. பொருளை மட்டும் தொட்டவர்கள் பத்துப் பேரில் நான்கு பேருக்கு வந்தது. உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 1981-இல் வெளியான இந்த முடிவின் சாரம் ஒரே சொல்: கை. அடைத்த வார்டின் காற்றிலும் உயிருள்ள ஆர்எஸ்வி இருக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியதால் மாஸ்க்கும் தேவைதான். இன்ஃப்ளூயன்சாவுக்கும் கொரோனாவுக்கும் அது கட்டாயம். ஆனால் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கையை மறந்தவர், வீட்டின் முன்கதவைத் தாழிட்டுக் கொல்லையைத் திறந்து போட்டவர்.

தொற்றுள்ள குழந்தையின் மூக்குநீர் மேஜைப் பரப்பில் பட்டால் அதில் ஆர்எஸ்வி 6 மணி நேரம்வரை உயிரோடு இருக்கும் என்று ராச்செஸ்டர் குழு அளந்து சொன்னது. ரப்பர் கையுறையில் ஒன்றரை மணி நேரம், துணியில் அரை முதல் முக்கால் மணி நேரம், தோலில் சுமார் 20 நிமிடம். இந்த எண்களை வைத்துக்கொண்டு உங்கள் ஷிஃப்டில் ஒரு பத்து நிமிடத்தை நிதானமாகப் பாருங்கள். மூன்றாம் வார்மரில் இருக்கும் குழந்தைக்கு சிஸ்டர் சக்‌ஷன் போடுகிறார். கையுறை மாட்டியிருக்கிறார், குறை சொல்ல முடியாது. நான்காவது குழந்தையின் மானிட்டர் கத்துகிறது. அதே கையுறையோடு அலாரம் பொத்தானை அமுக்குகிறார், காலில் கழன்று கிடந்த புரோபை மாட்டிவிடுகிறார், இன்குபேட்டரின் கைத்துளைக் கதவை மூடுகிறார். பையில் போன் அடிக்கிறது, லேபிலிருந்து ரிப்போர்ட். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதுகிறார். மாஸ்க் கீழே நழுவுகிறது, மூக்கின் மேல் இழுத்துவிடுகிறார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதே பேனாவை வாங்குகிறார். இந்தப் பத்து நிமிடத்தில் யாரும் சோம்பியிருக்கவில்லை. எல்லோரும் ஓடியாடி வேலை பார்த்தார்கள், வைரஸும் கூடவே ஓடியது.

கையுறையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். அது உங்கள் கையைக் காக்கிறது. அடுத்த குழந்தையைக் காப்பதில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை சுத்தம், பிறகுதான் அடுத்த தொட்டில். ஆல்கஹால் திரவத்தைக் கையில் தேய்க்க 20 முதல் 30 வினாடி ஆகும். ஆர்எஸ்விக்கு மேலே கொழுப்புறை உண்டு, அதனால் சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் சீக்கிரம் சாகும். இவ்வளவு எளிதாகச் சாகும் ஒன்று வார்டுகளில் இத்தனை காலமாகக் குடியிருக்கிறது என்றால், மருந்து இல்லாத குறை என்று சொல்ல முடியாது.

அடினோவைரஸ் அப்படிச் சாவதில்லை. அதற்குக் கொழுப்புறை இல்லை, காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் தாங்கும். 2016-இல் பிலடெல்பியாவில் ஒரு பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 23 குழந்தைகளுக்கு அடினோ பரவியது. நான்கு குழந்தைகள் இறந்தன. தேடிப் பார்த்ததில் 23 குழந்தைகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது: அண்மையில் கண் பரிசோதனை நடந்திருந்தது. கண் மருத்துவர் கையில் பிடிக்கும் இரண்டு லென்ஸ்களிலும் தலையில் மாட்டும் கருவி ஒன்றிலும் வைரஸின் தடயம் கிடைத்தது. குழந்தைக்குக் குழந்தை கருவியைச் சுத்தம் செய்ய ஒழுங்கான முறை எதுவும் வகுத்திருக்கவில்லை, கையுறையும் சரியாகப் போடவில்லை. அங்கே நடந்ததை அங்குள்ளவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, உங்கள் பிரிவைப் பாருங்கள். இந்தியாவில் 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனை அவசியம் என்பது வழிகாட்டுதல். பார்வையைக் காக்கும் பரிசோதனை, அதை விடக்கூடாது. ஆனால் வெளியிலிருந்து வரும் கண் மருத்துவர் வரிசையாகப் பத்துக் குழந்தைகளைப் பார்க்கும்போது இமை விரிக்கும் கம்பியும் லென்ஸும் ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் என்ன ஆகின்றன? எக்ஸ்ரே தகடு, அல்ட்ராசவுண்ட் புரோப், கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப், இவற்றுக்கும் இதே கேள்விதான்.

பெரிய குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் இது குறைமாதக் குழந்தைகளின் கதை என்று நகர்ந்துவிட வேண்டாம். பிறவி இதயக்கோளாறோடு ஆர்எஸ்வியும் வந்த குழந்தைகளில் 37 சதவீதம் பேர் இறந்ததாக 1982-இல் ஓர் ஆய்வு சொன்னது. இதயம் நன்றாக இருந்தவர்களில் 1.5 சதவீதம். இன்று சிகிச்சை முன்னேறி அந்த எண் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் குழந்தைக்கு உங்கள் வார்டில் சளி பிடித்தால் நாள் தள்ளிப்போகும். நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். சளியோடு வேலைக்கு வருவது தவறென்று தெரியாமல் நீங்கள் வருவதில்லை. பிலடெல்பியாவின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர்களிடமும் மருத்துவர்களுக்கு இணையாகச் சிகிச்சை தரும் செவிலியர் முதலியோரிடமும் கேட்ட கணக்கு 2015-இல் வெளிவந்தது. 536 பேர் பதில் சொன்னார்கள். உடம்பு சரியில்லாமல் வேலைக்கு வந்தால் நோயாளிக்கு ஆபத்து என்று 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். கடந்த ஓராண்டில் அப்படி ஒரு முறையாவது வந்ததாக 83 சதவீதம் பேர் சொன்னார்கள். காரணம் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சொன்னது, கூட வேலை செய்பவர்களை மாட்டிவிட மனம் வரவில்லை என்பது. அடுத்தது, ஆள் பற்றாக்குறை. ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை பிலடெல்பியாவும் பெரம்பலூரும் ஒரே ஊர்தான் போலிருக்கிறது. இங்கே கூடுதலாகச் சிலவும் உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் சிஸ்டருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆயாம்மாவுக்கு வராத நாளுக்குக் கூலியே கிடையாது. பயிற்சி மருத்துவர் சளி என்று லீவு கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 104 டிகிரி காய்ச்சலோடு டியூட்டி பார்த்த கதையைப் பெருமையாகச் சொல்லும் சீனியர்கள் இருக்கும்வரை அந்தப் பார்வை மாறாது. நிர்வாகிகளே, கையைக் கழுவுங்கள் என்று சுவரில் ஒட்டிய போஸ்டருக்குச் செலவழித்தீர்கள். மூக்கு ஒழுகும் சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பினால் அவர் இடத்தில் யார் நிற்பார் என்பதற்குச் செலவழித்தீர்களா?

தொற்று பயத்தை வைத்துத் தாயை வெளியே நிறுத்துவதும் சில இடங்களில் நடக்கிறது. அதற்கு இந்தச் செய்திகளில் ஆதாரம் இல்லை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கிய கங்காரு முறை, குழந்தையைத் தாயின் மார்போடு தோல்பட வைத்துக் காப்பது. இந்தியாவும் பங்கேற்று 2021-இல் முடிவு வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தாய்ப்பாலும் தொற்றைத் தடுக்கும். தாய் விசிட்டர் இல்லை. அவருக்குச் சளி இருந்தால் மாஸ்க் கொடுத்து, கை கழுவச் சொல்லி உள்ளே விட வழியிருக்கிறது. தடுத்து நிறுத்த வேண்டியது பழக்கூடையோடு குழந்தை முகம் பார்க்க வரும் பெரியப்பாவையும் எல்.கே.ஜி. படிக்கும் அக்காவையும். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் தண்ணீர்ச் சொம்பு வைத்து, கால் கை அலம்பாமல் யாரையும் உள்ளே விடாத பாட்டிகள் நமக்கு இருந்தார்கள். அவர்கள் தீட்டு என்று சொன்ன காரணத்தை ஏற்க வேண்டியதில்லை, அந்தச் சொம்பு இருந்த இடம் சரியான இடம். அதே பாட்டிதான் சேனை வைக்கிறேன் என்று பேரன் வாயில் விரலையும் வைத்தார். அதை உங்கள் வார்டில் அனுமதிக்காதீர்கள்.

தடுப்பு மருந்து வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்கலாம். வந்திருக்கிறது. மாதம் ஒரு ஊசியாகப் போடும் பாலிவிசுமாப் 1998-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே ஊசியில் ஒரு சீசனைத் தாண்டவைக்கும் நிர்செவிமாபும் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும் அங்கே 2023-இல் அனுமதி பெற்றன. இவை ஆர்எஸ்வியை மட்டும் தடுப்பவை. 2019-இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு லட்சம் பேர் ஆர்எஸ்வியால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வசதி குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். ரைனோவுக்கு ஊசி கிடையாது. குழந்தைகளுக்கான அடினோ தடுப்பூசியும் கிடையாது. கைக்கு மாற்று இன்னும் வரவில்லை.

எது பலன் தரும் என்பதும் முன்பே தெரிந்ததுதான். கிளாஸ்கோவில் மூன்று குளிர்காலங்கள் சோதித்து 1992-இல் சொன்னார்கள்: தொற்றுள்ள குழந்தைகளைப் பிரித்து அவர்களுக்கென்று தனி செவிலியரை ஒதுக்குவது, கூடவே கவுனும் கையுறையும், இரண்டும் சேர்ந்தபோதுதான் நன்றாகப் பலித்தது. தனித்தனியாகச் செய்தபோது அந்த அளவு பலன் இல்லை. பிலடெல்பியாவில் இதேபோன்ற ஒரு திட்டத்தைக் கணக்குப் பார்த்து, ஒரு டாலர் செலவுக்கு ஆறு டாலர் மிச்சமானதாக 2000-இல் எழுதினார்கள். கணக்குப்பிள்ளைகளுக்கும் இதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மருத்துவர்களே, கல்ச்சர் ஸ்டெரைல் என்று வந்த குழந்தைக்கு மூக்கிலிருந்து ஒரு துடைப்பு எடுத்து அனுப்புங்கள்; பாசிட்டிவ் வந்தால் அதை எழுதி வையுங்கள், மறைக்காதீர்கள். சிஸ்டர்களே, சீனியர் டாக்டராகவே இருந்தாலும் கை சுத்தம் செய்யாமல் தொட்டிலுக்குள் கை விட்டால் நிறுத்துங்கள். டாக்டர்களே, நிறுத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கண் மருத்துவரின் பெட்டி உள்ளே வரும்போது அதைத் துடைக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நிர்வாகிகளே, மழைக்காலம் தொடங்கும் முன், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு மாற்று ஆளைப் பட்டியலில் வையுங்கள், ஆயாம்மாவுக்கும் சேர்த்து. காலை ஆறு மணிக்குப் போன் செய்து, “மூக்கு ஒழுகுது மேடம், வரட்டுமா?” என்று கேட்கிறவரிடம், “வராதீங்க, சம்பளம் பிடிக்க மாட்டோம்” என்று சொல்லும் அதிகாரத்தை யாராவது ஒருவருக்குக் கொடுங்கள்.